ஆகாயம், இரண்டு எண்ணம்

அவரைப் பற்றி என் மேசைக்கு வந்த முதல் காகிதம் வாயிற்காவல் ஏட்டின் ஒரு பக்கம். எண்பதுகளின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டையில் மின்சார ஸ்விட்ச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பணியாளர் பிரிவு அதிகாரியாக இருந்தேன். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளையும் காவலாளி ஏட்டில் எழுத வேண்டும். எழுதியது விளங்காவிட்டால் எனக்கு அனுப்ப வேண்டும். அன்று வந்த பக்கத்தில், பொருளின் பெயர் என்ற இடத்தில் 'ஆகாயம்' என்று இருந்தது. எண்ணிக்கை, இரண்டு. திரும்ப வெளியே போகுமா? போகும்.

காவலாளியைக் கூப்பிட்டேன்.

"அவருதான் சார் அப்பிடி எழுதச் சொன்னாரு. நா போட்டோன்னு எழுதறேன்னேன். போட்டோன்னா யாரு போட்டோன்னு கேப்பாங்க, ஆகாயம்னே எழுதுன்னாரு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார். வெள்ளைத் துணியில ராகி கொட்டுன மாதிரி இருக்குது. ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணா இருக்கறது எதுக்கு ரெண்டுன்னு கேட்டா, ஒண்ணு இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான்னு சொல்றாரு."

இப்படி ஒரு பதிலைச் சொல்லக்கூடிய ஆள் ஆய்வுப் பிரிவில்தான் இருப்பார் என்று கண்டுபிடிக்க எனக்குப் பதிவேடு தேவைப்படவில்லை.

பார்வைக்கு அவரிடம் விசேஷம் ஒன்றும் கிடையாது. நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் மைக்ரோமீட்டர், கால்சட்டையின் வலது காலில் சைக்கிள் கிளிப். சைக்கிளை விட்டு இறங்கி எட்டு மணி நேரம் வேலை பார்த்தாலும் அந்தக் கிளிப்பைக் கழற்ற மாட்டார். விசேஷமெல்லாம் கண்ணில் இருந்தது. எதைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு வலது கண்ணை மூடிப் பார்ப்பார். மறுபடி இடது, மறுபடி வலது. விடுப்பு விண்ணப்பத்தை என்னிடம் நீட்டிவிட்டு அறையை அப்படி ஒரு சுற்றுப் பார்த்து, "காலண்டர் ரெண்டு இஞ்சு நகந்திருக்குங்க சார்" என்பார். நகர்ந்துதான் இருக்கும். சுவரில் விழுந்த விரிசலை மறைக்க என் எழுத்தர் நகர்த்தியிருப்பார்.

தொழிலாளர்கள் அவருக்கு லெப்ட்ரைட் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பயன்படுத்தினேன். இங்கே அது வேண்டியதில்லை.

அவருடைய வேலை, அச்சாக வைத்திருக்கும் ஒரு மாதிரித் துண்டையும் அன்று உற்பத்தியான துண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருக்கிறதா என்று சொல்வது. அதற்காக அவரே ஒரு பெட்டி செய்திருந்தார். இயந்திரம் வந்து இறங்கிய பெட்டியின் மரம், மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கிய இரண்டு வில்லைகள், நடுவே ஒரு தகரத் தடுப்பு. இடது கண்ணுக்கு இடப்பக்கப் பொருள் மட்டும் தெரியும், வலது கண்ணுக்கு வலப்பக்கப் பொருள் மட்டும். இரண்டும் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பிறகு கண்களை மாற்றி மாற்றி மூடினால், எது இடம் மாறியிருக்கிறதோ அது மட்டும் துள்ளும். மற்றதெல்லாம் அரசு ஊழியரைப் போல அசையாமல் இருக்கும்.

ஒருமுறை ஆண்டு விழாக் குழுப் புகைப்படங்கள் இரண்டை, அதாவது இந்த ஆண்டு எடுத்ததையும் போன ஆண்டு எடுத்ததையும், கேன்டீனில் வைத்து அந்தப் பெட்டியில் போட்டுப் பார்த்தார். இரண்டு விஷயங்கள் துள்ளின. ஒன்று, எல்லோர் தலைக்கும் பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டி. இன்னொன்று, ஒர்க்ஸ் மேனேஜரின் முன்நெற்றி முடி. இரண்டையும் எழுத்து மூலம் தெரிவித்தார். பராமரிப்புப் பிரிவு தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தபோது தொட்டி ஒரு சாண் சாய்ந்திருந்தது. அதைச் சரி செய்தார்கள். மற்றதைச் சரி செய்ய வழியில்லை. மேனேஜர் அவரை மன்னிக்கவுமில்லை.

ஆகாயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் இருந்த வானியல் பேராசிரியர் ஒருவருக்கு அவர் ஒரு வருடம் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதங்களை நிறுத்துவதற்காகவோ என்னவோ, பேராசிரியர் இரண்டு கழிவுப் பிரதிகளை அனுப்பிவைத்தார். வானத்தின் ஒரே பகுதி. ஒன்று அண்மையில் எடுத்தது, மற்றது அதற்கு முப்பது வருடம் முன்னால் எடுத்தது. வானம் வெள்ளையாகவும் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாகவும், பளிச்சென்று இருப்பவை பெரிய புள்ளிகளாகவும் இருக்கும் படங்கள். லெப்ட்ரைட் சார் அவற்றை நானூறு கட்டமாகப் பிரித்துக்கொண்டார். ஆய்வுப் பிரிவு ஜன்னலுக்கு வரும் வெளிச்சம் தம் வீட்டில் இல்லை என்பதால், சாப்பாட்டு நேரத்தில் அங்கே உட்கார்ந்து ஒரு கட்டம் பார்க்க அனுமதி கேட்டார்.

"எதுக்குய்யா இது?" என்றேன்.

கட்டைவிரலை நீட்டச் சொன்னார். நீட்டினேன். கண்களை மாற்றி மாற்றி மூடச் சொன்னார். மூடினேன். பணியாளர் பிரிவு அதிகாரி தம் கட்டைவிரலைப் பார்த்துக் கண்ணடிக்கும் காட்சியை என் எழுத்தர் ஜன்னல் வழியே ரசித்தார்.

"வெரலு குதிக்குதுங்களா? செவுரு குதிக்கல, பாருங்க. பக்கத்துல இருக்கறதுதான் சார் குதிக்கும். நட்சத்திரமும் அப்பிடித்தான். எல்லாமே ஓடிக்கிட்டுதான் இருக்குது. தூரத்துல இருக்கறது ஓடுனா நமக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கறது முப்பது வருசத்துல அரை ராகி அளவாவது தள்ளிப் போயிருக்கும்."

"பக்கத்துல இருந்தா பளிச்சுன்னு தெரியுமே. இதுக்கு எதுக்குப் பெட்டி?"

"அங்கதான் சார் எல்லாரும் ஏமாறாங்க. பளிச்சுன்னு இருக்கறவன் எங்கயோ தூரத்துல இருக்கற பெரிய ஆளு. நம்ம பக்கத்து வீட்டுக்காரன் மங்கலா இருப்பான், வெறுங்கண்ணுக்கே தெரியமாட்டான். அவன் நகர்றதை வெச்சுதான் அவனைப் புடிக்கணும்."

எங்கள் நிர்வாகத்துக்கும் இது பொருந்தும் என்று தோன்றியது. சொல்லவில்லை. ஆலை விதிகளான நிலையாணைகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். மதுபானம், ஆயுதம், துண்டுப் பிரசுரம் ஆகியவற்றை ஆலைக்குள் கொண்டுவரத் தடை இருந்தது. ஆகாயத்துக்குத் தடை இல்லை. அனுமதித்தேன். ஓய்வு பெற்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த அனுமதி விதிப்படி சரியானது என்றுதான் சொல்வேன்.

விதியில் இல்லாத விளைவு ஒன்று உண்டாயிற்று. சாப்பாட்டு நேரம் முழுக்கக் கண்களை மாற்றி மாற்றி மூடியவருக்கு, பெட்டியை விட்டு எழுந்த பிறகும் அது நிற்கவில்லை. சரியாக இரண்டு மணிக்கு மாதிரிகள் சேகரிக்க அசெம்பிளி கூடத்துக்குப் போவார். அங்கே நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். முதல் மேசையில் முனிரத்னம்மா.

முனிரத்னம்மா பேரிகையிலிருந்து பேருந்தில் வருபவர். வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ், மேனேஜரிடம் கன்னடம். தட்டில் கொட்டிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான ஸ்பிரிங்குகளில் கோணலான ஒன்றைக் கண்ணாலேயே பொறுக்கி எறிவது அவர் வேலை. அவர் என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றார்.

"தெனமும் ரெண்டு மணிக்கு எம் மேஜைக்கு எதிர்ல வந்து நின்னுக்குனு கண்ணடிக்கிறாரு சார். ஒரு கண்ணு அடிச்சாலே தப்பு. இவரு ரெண்டையும் மாத்தி மாத்தி அடிக்கிறாரு."

"அது அவருக்குப் பழக்கம்மா. எல்லாத்தையும் அப்பிடித்தான் பாப்பாரு."

"பழக்கம்னா ஊட்டுல வெச்சுக்கச் சொல்லுங்க. எங்க ஊரு பொம்பளைங்க ஆறு பேரு இந்த ஹால்ல இருக்கறாங்க. பஸ்சுல ஏறுனா இதே பேச்சு, இதே சிரிப்பு. நாளைக்கு எங்கூட்ல கேட்டாங்கன்னா வேலைக்குப் போக வேணாம்னுடுவாங்க. அப்ப நீங்க வந்து பழக்கம்னு சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டேன். புகாரை எழுதி வாங்கினேன்.

இம்மாதிரி விவகாரத்தை முடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தவறு செய்துவிட்டேன், இனிச் செய்ய மாட்டேன் என்று அவர் எழுதிக்கொடுத்தால், எச்சரித்துக் கோப்பை மூடிவிடலாம். இல்லாவிட்டால் குற்றப்பத்திரிகை, விசாரணை, நிரூபணமானால் வேலை நீக்கம். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். உண்மையாகவே பதறிப்போனார்.

"அந்தம்மாவையா? நா அந்தம்மாவப் பாத்ததே இல்லீங்களே சார்!"

"தினமும் எதிரே நிற்கிறீரே?"

"மேஜையில இருக்கற தட்டு நேத்து எங்க இருந்துச்சுன்னு பாத்துக்கிட்டிருப்பேன். தப்புதான். அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா இனிமே கண்ணை மூட மாட்டேன்னு எப்பிடி சார் எழுதித் தர்றது? இன்னும் நூத்திப் பன்னெண்டு கட்டம் பாக்கி இருக்குதே."

குற்றப்பத்திரிகைக்கு அவர் தந்த எழுத்துப்பூர்வ விளக்கம் இரண்டு வரி. 'குற்றச்சாட்டில் கூறப்பட்ட செயல் உண்மை. எண்ணிக்கை மட்டும் குறைத்துச் சொல்லப்பட்டுள்ளது.' இருபத்தெட்டு வருடப் பணியில் இப்படி ஒரு விளக்கத்தை நான் வாங்கியதில்லை.

விசாரணைக்கு முதல் நாள் அவர் மனைவி வந்தார். நாகரசம்பட்டி மாந்தோப்புக் குடும்பம். பேச்சில் தயக்கம் கிடையாது.

"இந்த மனுசன் பொண்ணு பாக்க வந்தன்னிக்கே இப்பிடித்தான் சார். நா காப்பி கொண்டாந்தா எடது கண்ணு, வலது கண்ணு, எடது கண்ணு. எங்கப்பா நரம்புக் கோளாறுன்னு வைத்தியர்கிட்ட போயிக் கேட்டாரு. வைத்தியரு, வரதட்சணை கேக்காத வரைக்கும் கட்டிக் குடுன்னுட்டாரு."

"அவர் உங்களைத்தானே பாத்தாரு?"

"எங்க பாத்தாரு? எம் பின்னால இருந்த கடிகாரம் கோணலா மாட்டியிருக்குன்னு சொன்னாரு. கல்யாணத்தன்னிக்கு மறுபடி சொன்னாரு." மூக்கை உறிஞ்சினார். "ரெண்டு பொட்டப் புள்ளைங்க படிக்குது சார். வேலை போச்சுன்னா அந்தப் பொட்டிய ஒடச்சு அடுப்புல வெப்பேன்னு நாஞ் சொன்னதா சொல்லுங்க."

விசாரணை அதிகாரியாக என்னையே நியமித்திருந்தார்கள். நிர்வாகத் தரப்பில் ஒர்க்ஸ் மேனேஜர், லெப்ட்ரைட் சார் தரப்பில் தொழிற்சங்கச் செயலாளர், புகார்தாரர் முனிரத்னம்மா. பெட்டி மேசை மேல் இருந்தது. அதற்கு விதிப்படி அடையாள எண் ஒட்டியிருந்தேன். லெப்ட்ரைட் சார் பெட்டியின் செய்முறையை விளக்கினார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். முனிரத்னம்மா எழுந்தார்.

"நா பாக்கறேன்."

மேனேஜர் ஆட்சேபித்தார். தாக்கல் செய்யப்பட்ட பொருளைப் பரிசோதிக்கப் புகார்தாரருக்கு உரிமை உண்டு என்று நான் தீர்ப்பளித்தேன். எனக்கும் பார்க்க ஆசை இருந்தது என்பதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

"ரெண்டு ரெண்டாத் தெரியுது."

தாம் குற்றம் சாட்டப்பட்டவர் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. "அவசரப்படாதீங்கம்மா. மலையப் பாக்கற மாதிரி தூரமாப் பாருங்க."

"ஆங், சேந்துக்குச்சு."

"இப்ப எடது கண்ணை மூடுங்க. தெறங்க. இப்ப வலது."

புகார்தாரர் குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதினொரு முறை கண்ணடித்தார் என்று நான் பதிவு செய்தேன். நடந்ததைத்தானே எழுத வேண்டும்.

படங்களை முனிரத்னம்மா மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். திடீரென்று தெலுங்கில் கத்தினார்.

"எகிரிந்தி! எகிரிந்தி!" துள்ளிவிட்டது என்று அர்த்தம்.

"எங்க? எந்தக் கட்டம்?"

"இந்தப் பெரிய பொட்டு இருக்குதுல்ல? அதும் ஓரமா ஒரு சின்னது."

"அது பாத்தாச்சும்மா. போன மாசமே டிக் போட்டுட்டேன்."

"நீங்க பெரிய பொட்டப் பாத்திருப்பீங்க" என்றார் முனிரத்னம்மா.

லெப்ட்ரைட் சார் குனிந்து பார்த்தார். இடது. வலது. இடது. அவருடைய காது சிவந்தது. பிறகு விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. எத்தனையோ பேரிடம் பளிச்சென்று இருப்பதை நம்பாதே என்று சொன்ன மனிதர், பளிச்சென்று இருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்ததை விட்டிருக்கிறார். அது அவருக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

செயலாளர் பார்த்தார், "அட, ஆமாய்யா!" நான் பார்த்தேன். நானூறு கட்டக் கூட்டத்தில் எல்லாம் நின்ற இடத்தில் நிற்க, பூச்சி போல ஒரு புள்ளி மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். பார்த்து முடித்தவர்களுக்கும் கண் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து டீக்காரர் கதவைத் திறந்தார். அதிகாரி, சங்கச் செயலாளர், புகார்தாரர் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, தட்டோடு பின்வாங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

கடைசியில் மேனேஜரும் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் பழையபடி ஆகிவிட்டது.

"ஏன்ரீ இது? என்ன இது? தூசி. அந்தப் படத்துல ஒரு தூசி இங்க, இந்தப் படத்துல ஒரு தூசி அங்க. கழிச்சுப் போட்ட பிரதிதானே? நட்சத்திரம்னா சரி, ஏதோ ஆராய்ச்சின்னு ஒத்துக்கறேன். தூசின்னா, இந்த ஆளு பொம்பளைங்களைப் பாத்துக் கண்ணடிக்கறதுக்கு ஒரு பெட்டி செஞ்சிருக்காருன்னு அர்த்தம். வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

குற்றம் சாட்டப்பட்டவர்தான் முதலில் பேசினார்.

"சார் சொல்றது சரி. தூசியாவும் இருக்கலாம்."

எதிர்த்தரப்பு வாதத்தை இப்படி ஒப்புக்கொள்ளும் ஆளை வைத்துக்கொண்டு எந்தச் சங்கம் என்ன செய்யும்? செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வானத்தைப் படம் பிடித்த மூலக் கண்ணாடித் தகட்டைப் பார்த்தால்தான் தெரியும், அது பேராசிரியரிடம் இருக்கிறது. அவருக்கு நானே ஆலையின் தாளில் குறிப்பு எண் போட்டு எழுதினேன். பதில் வரும்வரை விசாரணையை ஒத்திவைத்தேன். அதுவரை லெப்ட்ரைட் சார் தற்காலிகப் பணிநீக்கம். தினமும் பத்து மணிக்கு வாயிலில் கையெழுத்துப் போட வேண்டும். வானத்தில் இருக்கும் ஒரு சாட்சிக்காக ஆலை விசாரணையை ஒத்திவைத்த வேறு அதிகாரி இருந்தால் எனக்குத் தெரிவிக்கலாம்.

மூன்று வாரம் போயிற்று. தினமும் சைக்கிளில் வந்து கையெழுத்துப் போடுவார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தூசின்னா பெட்டியே பொய்யாப் போயிடும் சார். இத்தனை வருசம் நா பாஸ் பண்ணுன சாமானெல்லாம் என்னாவறது?" என்பதுதான் அவர் கவலை. முனிரத்னம்மாவின் கோபம் வேறு திசைக்குத் திரும்பியிருந்தது. வரும்போதும் போகும்போதும் என் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்.

"காயிதம் வந்துச்சா சார்? அந்த மேனேஜரு தூசின்னுட்டாரே! தட்டு தட்டா ஸ்பிரிங் பாக்கறேன். தூசி எது சாமான் எதுன்னு தெரியாதா எனக்கு?"

கடிதம் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. அவர் அப்போதுதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உறையைக் கிழித்துப் படித்துக்கொண்டே வாயிலுக்குப் போனேன். இரண்டு தகடுகளையும் பார்த்தார்களாம். தூசி இல்லை. நட்சத்திரம்தான். மங்கலான, சிவந்த, நமக்கு மிக அருகில் இருக்கும் ஒன்று. ஆனால் வெளிநாட்டார் ஒருவர் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

முதல் பாதியைச் சொன்னேன். கைப்பிடியை விட்டுவிட்டார், சைக்கிள் விழுந்தது. இரண்டாம் பாதியை எப்படிச் சொல்வது என்று தயங்கி, சொன்னேன்.

"முன்னாடியே ஒருத்தர் பாத்துட்டாராம்."

"பாத்தாரா? அவரும் பாத்தாரா!" காவலாளியைக் கட்டிக்கொண்டார். "சார், நம்ம டிபார்ட்மென்ட்ல ஒருத்தர் கையெழுத்துப் போட்டா சாமான் பாஸ் ஆவுமா? ரெண்டு கையெழுத்து வேணுமில்ல? அவரு ஒண்ணு, முனிரத்னம்மா ஒண்ணு. பாஸ் சார், பாஸ்!" காவலாளியின் தொப்பியைக் கழற்றித் தாம் போட்டுக்கொண்டு வாயிலில் நின்று சிரித்தார். காவலாளி என்னைப் பார்த்தார். தொப்பி குறித்து விதி இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

கடைசி அமர்வில் முனிரத்னம்மா புகாரைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

"கண்ணடிச்சது நெசம். அத எழுதுங்க. என்னப் பாத்து அடிக்கலன்னு இப்பத் தெரிஞ்சுது, அதயும் எழுதுங்க. அவரு பொட்டியில என்ன வேணா பண்ணட்டும். எங்க ஹாலுக்குள்ள வேணாம்."

இதைவிடத் தெளிவான தீர்ப்பை நானும் எழுத முடியாது. செயல் நிரூபணமாயிற்று, கெட்ட எண்ணம் நிரூபணமாகவில்லை என்று முடித்தேன். மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். லெப்ட்ரைட் சார் மீண்டும் வேலையில் சேர்ந்தார், ஒரு நிபந்தனையோடு. அதை வரைந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 'அசெம்பிளி கூடத்துக்குள் இருக்கும்வரை அன்னாரின் கண்கள் இரண்டும் ஒரே சமயத்தில் திறந்திருக்க வேண்டும். அல்லது ஒரே சமயத்தில் மூடியிருக்க வேண்டும்.'

ஆணை போட்டால் மட்டும் போதாது, நடைமுறையாகிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை இரண்டு மணிக்குக் கூடத்துக்குப் போய் நின்றேன். அவர் வாசலுக்கு வந்தார். நின்றார். உள்ளே நாற்பது தலைகள் நிமிர்ந்தன. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு நடந்தால் நாலாவது அடியில் இடது கண் தானாக மூடிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். யோசித்தார். என் ஆணையில் இரண்டாவதாக ஒரு வழி இருந்தது.

இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, உள்ளே நடந்தார்.

"எடது பக்கம் சார், எடது பக்கம்!" என்றது ஒரு குரல். "இல்ல, வலது!" என்றது இன்னொன்று. தெலுங்கில் இரண்டு பேர் நேராகப் போகச் சொன்னார்கள். கன்னடத்தில் யாரோ நிற்கச் சொன்னார்கள். அவர் எல்லோர் சொல்லையும் மதித்து எல்லாத் திசையிலும் ஓரடி வைத்துத் தள்ளுவண்டியில் மோதினார். தட்டுகள் சரிந்தன. ஸ்பிரிங்குகள் கூடம் முழுக்கத் துள்ளிக்கொண்டு ஓடின. நாற்பது பெண்களும் மேசையில் தலை வைத்துச் சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். அவர் மட்டும் ஸ்பிரிங்குகளின் நடுவே அசையாமல், ஆணைக்குக் கட்டுப்பட்டு, கண்களைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

முனிரத்னம்மா எழுந்து வந்தார். கண்ணில் வழிந்த நீரை முன்கையால் துடைத்தார்.

"அய்யோ சாமி, ஒரு கண்ணையாவது தெறங்க சார்!"